நான் மாட்டிய பிரேக்

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு கடமைகள் உண்டு. காலையில் மாதா கோயிலில் முதல் பூசை. பூசை முடிந்து வந்து காப்பி குடித்ததும் எண்ணெய்த் துணி. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் டீசல் கலந்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்திருப்பார். கேட்டின் கொக்கி, ஜன்னல் கம்பி, பூட்டு, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் மோட்டாரின் மூடி என்று இரும்பாகக் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு தடவல். ஒருமுறை துணி காயப்போடும் கம்பிக்கும் தடவிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டிக்கொண்டு போகும் வெள்ளைச் சேலையின் நடுவே எண்ணெய்க் கோடு விழுந்து, அதைப் போக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட்டால், கம்பி துருப்பிடித்தால் மட்டும் சேலையில் கறை விழாதா என்று திருப்பிக் கேட்டார்.

இதை வைத்து அவரைக் கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகையில் இப்படித்தான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் வருகிற உப்பு புது கேட்டை ஒரே வருஷத்தில் கரகரவென்று தின்றுவிடும். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பிளைகள் வரிசையாகத் தங்கள் வண்டிகளுக்கு முன்னால் குத்தவைத்து, துணியும் எண்ணெயுமாக இருப்பார்கள். நான் விளாத்திகுளத்துக்காரி. எங்கள் கரிசல் காட்டில் மண்வெட்டியை வரப்பில் மறந்து போட்டுவிட்டு வந்தாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த எண்ணெய்த் திருவிழாவைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மாமியார் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர்தான் வந்தது.

எண்ணெய் அவர் துறை என்றால் ஸ்பேனர் என் துறை. அப்பா தோட்டத்தில் பம்புசெட்டோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இப்போது நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். வீட்டில் மிக்ஸியோ ஃபேனோ நின்றுபோனால் நான்தான் கழற்றுவேன். அவர் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பார். அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கைக் கணக்கு வைப்பவர். சரக்கில் ஒரு மூட்டை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது இன்றைக்கும் அவருக்குச் சந்தேகம்தான்.

மாதா கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில் அவருடைய பைக்கின் முன் சக்கரத்தில் கிரீச் என்ற சத்தம் வர ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடிக்கும்போது மட்டும் வந்தது. டிஸ்க் பிரேக் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சக்கரத்தோடு ஒரு வட்டத் தட்டு சுற்றும், பிரேக்கைப் பிடித்தால் இரண்டு கட்டைகள் இரு பக்கமும் வந்து அந்தத் தட்டைக் கவ்வும். அந்தக் கட்டைகளுக்குத்தான் பிரேக் பேடு என்று பெயர். பேடு தேய்ந்து தீர்ந்தால் இரும்போடு இரும்பு உரசும். அந்தச் சத்தம்தான் அது.

வேறு யாருடைய வண்டி என்றாலும் திருவிழா முடியட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அவருக்கு வலது கணுக்கால் சரியில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் கப்பல் ஏணியில் இறங்கும்போது சறுக்கி விழுந்ததில் ஒடிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் பாதம் சட்டென்று மடங்காது. பின் பிரேக்கைக் காலால்தான் மிதிக்க வேண்டும். அவர் மிதிப்பதற்குள் வண்டி ரொம்ப தூரம் போயிருக்கும். அதனால் அவருடைய நம்பிக்கை எல்லாம் கைப்பிடியில் இருக்கும் முன் பிரேக்கின் மேல்தான். ஹார்பர் ரோடோ கண்டெய்னர் லாரிகள் மட்டுமே மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ரோடு. அந்த ரோட்டில் தினமும் போய்வருகிற மனிதருக்கு முன் பிரேக் இல்லை என்றால் என் வயிற்றில் சோறு இறங்குமா.

வழக்கமான மெக்கானிக் கடையில் பூட்டுத் தொங்கியது. திருவிழா முடிந்துதான் திறப்பார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அப்படியானால் நானே மாட்டிவிடுகிறேன் என்றேன். உதிரி பாகக் கடைக்குப் போய் பேடு கேட்டபோது கடை அண்ணாச்சி எனக்குப் பின்னால் யாராவது ஆம்பிளை நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றதும் மாடலை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எடுத்துக் கொடுத்தார். அவர் கேட்டதில் தப்பில்லை, ஆனால் எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் சாக்கை விரித்து வேலையை ஆரம்பித்தேன். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பக்கத்து வீடு. சுவருக்கு மேலே தலையை மட்டும் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் என்னை வெறுப்பவர் இல்லை, தம்பி மேல் உயிராக இருப்பவர், அவ்வளவுதான். ஸ்கூட்டர் டயரை மாற்றுவது வேறு, பிரேக் வேறு என்றார். காசை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறாய் என்றார். நான் போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

"போற எடத்துல வண்டி நிக்கலைன்னா யாருளா பதில் சொல்லுதது?"

நான்தான் சொல்லுவேன் மைனி என்று சொல்லிவிட்டேன். வாய்க்குத்தான் அவசரம். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது.

முதல் போல்ட்டே அசையவில்லை. அதன் தலையைச் சுற்றிலும் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கெட்டித்திருந்தது. ஸ்பேனரில் என் முழு எடையையும் வைத்துத் தொங்கியும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே போய் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார். அந்த போல்ட்டின் இடுக்கில் மட்டும் சில சொட்டு விட்டார். ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு டீ குடித்து முடித்துத் திருகினால் போல்ட் சொன்னபடி கேட்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உங்கள் எண்ணெய் இல்லாவிட்டால் இன்றைக்கு வேலை நடந்திருக்காது என்று அவரிடம் மனதாரச் சொன்னேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த எண்ணெயை நான் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பழைய பேடுகளை உருவி எடுத்தேன். ஒன்றில் கட்டையே இல்லை, வெறும் இரும்புதான் மிச்சம். பேடைத் தள்ளும் பிஸ்டனை மெதுவாக உள்ளே அழுத்தி, புதுப் பேடுகளை வைத்து, அவற்றைப் பிடித்துவைக்கும் பின்னைப் போட்டு, போல்ட்டுகளை இறுக்கினேன். பேடிலும் தட்டிலும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கக் கூடாது என்று பெட்ரோலால் துடைத்தேன். பிறகு சக்கரம் முழுவதையும் சோப்புத் தண்ணீரால் கழுவினேன். பிரேக் பிடி முதலில் தொளதொளவென்று உள்ளே போனது. விட்டு விட்டுப் பிடிக்கப் பிடிக்கக் கெட்டியானது. தெருவில் நானே ஓட்டிப் பார்த்தேன். பிடித்த இடத்தில் வண்டி நின்றது. அவரும் ஓட்டிப் பார்த்தார். போனார், நின்றார், மறுபடி போனார், நின்றார். திரும்பி வந்து அக்கா வீட்டுச் சுவரோரமாக வண்டியை நிறுத்தி, வேண்டுமென்றே சத்தமாக, கடையில் மாட்டினால்கூட இப்படிப் பிடிக்காது என்றார். சுவருக்கு மேலே இருந்த தலை கீழே போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. அவருக்கு மத்தியான ஷிப்ட். காலையில் பூசை முடிந்ததும் நான் மீன் வாங்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து சமைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனார். கேட்டைச் சாத்தும்போது புது பிரேக்கை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன்.

பாத்திரங்களைக் கழுவிவிட்டுத் துணி காயப்போட முற்றத்துக்கு வந்தேன். வண்டி நின்ற இடத்தில், முன் சக்கரத்துக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் கிடந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு மேலே நாத்தனார் தலை வந்தது. நேற்று பேசியது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும் போல, சமாதானமாகத்தான் பேச வந்தார். காலையில் அந்தத் தட்டு பழுப்பேறிக் கிடந்ததாம். அதைப் பார்த்துத் தம்பி பதறிப்போய்விட்டானாம். நீ மாட்டின புது பிரேக் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிட்டதே என்று உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைத்தானாம். இப்போது கண்ணாடியாட்டம் மின்னுகிறது என்றார்.

குனிந்து அந்தச் சொட்டை விரலால் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

அந்தத் தட்டை அவர் அதுவரை தொட்டதே கிடையாது. தினமும் பேடு உரசி உரசி அது தானாகவே பளபளவென்று இருந்தது. நான் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியதும், ராத்திரி கடல்காற்றில் அது லேசாகப் பழுப்பேறிவிட்டது. தெருமுனை போய் ஒருமுறை பிரேக் பிடித்தால் போய்விடுகிற பழுப்பு. துருவைக் கண்டால் எண்ணெய் என்பது இந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கை தானாகச் செய்கிற காரியம். அதிலும் முந்தைய நாள்தான் அந்த எண்ணெயை நான் வாய் நிறையப் புகழ்ந்திருந்தேன். கட்டை கவ்வ வேண்டிய தட்டில் எண்ணெய் பூசினால் கவ்வுமா, வழுக்கிக்கொண்டு போகும். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உராய்வுப் பாடத்தில் வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கே போகிறாய் என்று நாத்தனார் கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தேன்.

திருவிழாக் கூட்டத்தில் பலூன்காரனும் பஞ்சுமிட்டாய்க்காரனும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கடந்து ஹார்பர் ரோட்டில் ஏறியதும் லாரிகள். ஒவ்வொரு லாரியின் முன் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளத் தைரியம் இல்லை. மாதாவே, கை போனாலும் கால் போனாலும் பரவாயில்லை, ஆளைக் கொடுத்துவிடு என்று வேண்டினேன். அடுத்த நிமிஷமே, இல்லை இல்லை, கையும் காலும் வேண்டும் என்று மாற்றிக் கேட்டேன். நடுநடுவே வண்டியை ஓரங்கட்டிப் போன் அடித்தேன். எடுக்காத அந்தப் போனை நான் திட்டாத திட்டு இல்லை. நான்தான் பதில் சொல்லுவேன் என்று நாத்தனாரிடம் வாய்விட்டேனே, அதுவும் நினைவுக்கு வந்தது. ஏதாவது ஆகியிருந்தால் எண்ணெயைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. இவள் மாட்டிய பிரேக்கால் போனான் என்றுதான் சொல்வார்கள். நானும் சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ரோடு வளைகிற இடத்தில், இடது கைப் பக்கம், உப்பளத்துக்கு இறங்கும் மண் பாதையின் ஓரத்தில் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் பாதிச் சக்கரம் புதைந்தபடி எங்கள் பைக் நின்றது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முழுசாக, இரண்டு கையோடும் இரண்டு காலோடும். கைக்குட்டையால் ஹெட்லைட்டில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட எனக்குக் கால் வரவில்லை. அதை உப்பின் மேலேயே சாய்த்துவிட்டு ஓடினேன். சட்டையில் மண், முழங்கையில் லேசான சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. உடனே கோபம் வந்தது. வீட்டிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த வசவு எல்லாம் வாய் வரை வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நாயி குறுக்க வந்துட்டு."

சுற்றிலும் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் பாத்தி, உப்பு, வெயில். ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. இந்த இடத்தில் நாய்க்கு என்ன வேலை.

என்ன நாய் என்று கேட்டேன். கறுப்பு நாய் என்றார். பிரேக் பிடித்ததா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நல்லாத்தான் பிடிச்சுது. மண்ணுல சறுக்கிட்டு, அவ்வளவுதான். நீ எதுக்கு வெயில்ல இங்கன வந்த?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். முன்னால் போன லாரி நின்றிருக்கிறது, இவர் பிரேக்கைப் பிடித்திருக்கிறார், பிடி கெட்டியாக இருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது, லாரியின் பின்னால் போய் முட்டாமல் இருக்க உப்புக்குள் விட்டிருக்கிறார். பாதியை மண்ணில் கிடந்த டயர்த் தடமே சொன்னது, மீதியைப் பிறகு அவரே ஒத்துக்கொண்டார். நான் மாட்டிய பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உயிர் தப்பி நின்ற இடத்தில், அது எனக்குத் தெரியக் கூடாது என்று ஒரு நாயைத் தயார் செய்து வைத்திருந்தார்.

என் வாய் வரை வந்திருந்த வசவில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. குனிந்து, தட்டின் மேல் பட்டிருந்த உப்பைத் தள்ளிவிட்டு ஒரு விரலால் தடவினேன். விரலை அவர் முன்னால் நீட்டினேன்.

"நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையில தட்டுல எண்ணெ போட்டீங்கல்லா? அதுல எண்ணெ பட்டா பிரேக் பிடிக்காது. அதான் வண்டி நிக்கல."

அவர் என் விரலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். அடடா, நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று புலம்பப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய கண்ணில் அப்படி ஒன்றும் வரவில்லை.

"அப்ப நீ மாட்டுனது சரியாத்தான் இருந்துச்சா?"

சரியாகத்தான் இருந்தது என்றேன். அவர் அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதில் இருந்த உப்பெல்லாம் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது.

"நீ போன் அடிச்சதப் பாத்தேன். எடுத்தா என் கொரல வச்சே கண்டுபிடிச்சிருவன்னு எடுக்கல. ஒனக்குத் தெரிஞ்சா இனிமே ஸ்பேனரத் தொடவே மாட்டியேன்னு நெனச்சேன். அக்கா வேற அப்படிச் சொல்லிட்டா. இத ஒங்கிட்ட எப்படி மறைக்கதுன்னுதான் இவ்வளவு நேரமும் யோசிச்சிட்டு இருந்தேன்."

தான் பிழைத்ததற்குக்கூட அவர் அவ்வளவு ஆசுவாசப்படவில்லை. இனி மறைக்க வேண்டியதில்லை என்றதும் அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அதுவரை அடக்கிக்கொண்டு வந்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. வந்ததை நிறுத்த முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ரோட்டோரத்தில் நின்று, சின்னப் பிள்ளையைப்போல ஏங்கி ஏங்கி அழுதேன். ஒரு கண்டெய்னர் லாரி வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஏளா, அழாத," என்றார் அவர், சிராய்த்த கையைத் தூக்கி என் தோளில் வைத்து. "பாக்குதவன் எல்லாம் நான் ஒன்ன அடிச்சிட்டேம்னுல்லா நெனைப்பான்."

எனக்கு அதற்கும் அழுகைதான் வந்தது.